சங்கிலி பொய் சொல்லாது

ஒரு கல்லூரி மைதானத்தில் இரும்புச் சங்கிலி ஒன்று இருந்தது. இரு முனையிலும் இரண்டு கோல்கள். நடுவே சரியாகப் பத்து கஜம். அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற பிள்ளைகளுக்கு அதுதான் குலதெய்வம். நாலு முயற்சிக்குள் பந்தை அந்தப் பத்து கஜம் நகர்த்திவிட்டால் ஆட்டம் தொடரும். ஒரு விரல் குறைந்தாலும் பந்து எதிராளி கைக்குப் போய்விடும்.

“மயிரிழைகூட நான் பிசகினதில்லை” என்று சங்கிலி மைதானமெல்லாம் பீற்றிக்கொண்டு திரியும். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்!

அன்று இறுதிப் போட்டி. கடைசி நிமிடம், நாலாவது முயற்சி. இளம்பரிதி பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாய்ந்தான். ஏழெட்டுப் பேர் அவன் மேல் விழுந்தார்கள். விழுந்த இடம் மழைத் தண்ணீர் தேங்கிய சேறு. பந்து, மைதான ஓரத்தில் சங்கிலியின் முன்கோல் நின்ற நேரை ஒரு சாண் தாண்டிப் போய், அந்தச் சேற்றில் நன்றாகக் குழித்துக்கொண்டு பதிந்தது.

பந்து நின்ற இடத்துக்கு நேராக ஒரு நடுவர் ஓடிவந்து காலை ஊன்ற வேண்டும். குவியல் கலைந்ததும் அந்தக் காலுக்கு நேராகத்தான் பந்தை வைப்பார்கள். அதுதான் அங்கே வழக்கம். நடுவர் இருதயராஜ் ஓடித்தான் வந்தார். அவருடைய புது வெள்ளை ஷூ சேற்றைப் பார்த்ததும் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

“யோவ் ஷூ! நான் இங்கே கிடக்கிறேன், அங்கே என்னய்யா பண்றே?” என்று பந்து கத்தியது.

“கிட்டத்தட்ட வந்துட்டேனே. மிச்சத்தைச் சங்கிலி அண்ணன் பார்த்துக்குவார்.”

“என் மூக்கைப் பாரு, சேறு! நீ நிக்கிற இடத்துல ஒரு சொட்டாவது இருக்கா?”

இருதயராஜ் நேர்மையான மனிதர். சேறு ஒட்டியிருந்தால் அளவு பிசகுமே என்று துண்டை வாங்கிப் பந்தைப் பளிச்சென்று துடைத்தார். பிறகு ஷூவுக்கு நேராக வைத்தார்.

சங்கிலி வந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. “நல்லா இழுத்துப் பிடிங்கப்பா, தொய்வு கூடாது” என்றார் இருதயராஜ். மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

இரண்டு விரற்கடை குறைவு.

“அடேயப்பா, என்ன துல்லியம்!” என்று கூட்டம் கை தட்டியது.

“நீயாவது சொல்லேன், நான் இருந்தது இங்கே இல்லை” என்று பந்து சங்கிலியிடம் கெஞ்சியது.

“நீ எங்கே இருந்தாய் என்று பார்ப்பது என் வேலை இல்லை. வைத்த இடத்தை அளப்பேன். அளந்ததில் தப்பிருந்தால் சொல்.”

தப்பே இல்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

தோற்றுப்போன இளம்பரிதி நடுவரிடம் வந்தான். “தாண்டிட்டேன்னு நினைச்சேன் சார்.”

“நானும் அப்படித்தான் தம்பி நினைச்சேன்” என்று இருதயராஜ் அவன் தோளைத் தட்டினார். “ஆனா சங்கிலி பொய் சொல்லாதே.”

“தெரியும் சார். நான்தான் இன்னும் கொஞ்சம் முட்டியிருக்கணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தான். முன்கோலுக்கு அப்பால் பந்து பதிந்த குழி அப்படியே இருந்தது. அதன் மேலேயே காலை வைத்துப் போனான்.