எறும்பு வரிசை கட்டிய பெசகா

அந்தக் காலத்தில் எறும்புக்கு வரிசை தெரியாது, பேச்சு தெரியும். காக்கையும் கோழியும் பல்லியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. எறும்பும் பேசியது. குரல் சின்னது என்பதால் நின்று கேட்கத்தான் ஆளில்லை. ஈ அலைகிற மாதிரி ஒவ்வோர் எறும்பும் தன் போக்கில் அலையும். ஒன்று போன வழியில் இன்னொன்று போகாது.

மலைக்கு மேற்கே, காயல் கரையில் ஒரு யூதத் தெரு இருந்தது. என்றோ கடல் தாண்டி வந்து, மிளகு மூட்டைகளுக்கு நடுவே குடியேறி, ஊர்ப் பேச்சையே தங்கள் பேச்சாக்கிக்கொண்ட சனங்கள். வருஷம் முழுக்க மற்றவர்களைப் போலத்தான் இருப்பார்கள். பெசகாப் பண்டிகை நெருங்கினால் மட்டும் அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது. பாயை உதறுவாள் ஒருத்தி, பானையை அடுக்குவாள் ஒருத்தி, வாசலெல்லாம் கழுவிவிட்ட தண்ணீர் ஓடும்.

அவர்களுடைய முன்னோர்கள் எகிப்தில் அடிமைகளாகக் கிடந்து, ஒருநாள் தப்பி ஓடினார்கள். பிசைந்த மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. அந்த ஓட்டத்தின் நினைவுதான் பெசகா. பண்டிகை முடியும்வரை புளிக்காத அப்பம்தான் தின்ன வேண்டும். புளித்த மாவில் சுட்ட ரொட்டி ஒரு துணுக்குக்கூட வீட்டில் இருக்கக் கூடாது. இது எல்லா யூதருக்கும் பொது. இந்தத் தெருக்காரர்கள் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வார்கள்: பெசகா வேலையில் வீட்டுக்காரி தவறிவிட்டால் அந்த வருஷம் அந்த வீட்டுக்கு ஆகாது. யாருக்கு ஆகாது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் பக்கம் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தெருவில் சிப்போரா என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் எப்பிராயீம் தோணி கட்டுகிறவன். முந்திப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் பேர் வைக்கும் முன்பே போய்விட்டன. மூன்றாவதாக ரூபேன் பிறந்தான். பேர் வைத்து, தலை நின்று, இப்போது பொக்கை வாயால் சிரிக்கவும் சிரிக்கிறான். இவன் நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர சிப்போராவுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை. அதனால் அந்த வருஷம் அவள் செய்த பெசகா வேலை சாதாரண வேலையாக இல்லை, வெறியாக இருந்தது.

மற்ற வீடுகளில் பண்டிகைக்கு முந்தின நாள் காலைவரை ரொட்டி தின்பார்கள். இவள் வெகு நாளைக்கு முன்பே ரொட்டி சுடுவதை நிறுத்தினாள். கிணற்றை இறைத்துக் கழுவினாள். அரிசியை ஒவ்வொரு மணியாகப் பார்த்துப் பொறுக்கினாள். தரைக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் கண்ட இடமெல்லாம் சுண்ணாம்பு குழைத்து அடைத்தாள். கட்டிலை வெளியே போட்டுத் தேய்த்தாள். ஈட்டி மரத் தொட்டிலை மட்டும் நகர்த்தவில்லை. தொட்டால் ரூபேன் விழித்து வீறிடுவான் என்று, அடியில் கைபோகிற மட்டும் துடைத்து, எட்டிய மட்டும் சுண்ணாம்பு பூசிவிட்டாள்.

எதிர்வீட்டு ரிபேக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ சிப்போரா, உன் வீட்டுத் தரையில சோத்தக் கொட்டித் தின்னலாம் போலிருக்கே" என்றாள். சிப்போராவுக்கு அன்றைக்கு இருந்த இறுமாப்புக்கு அளவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு கட்டெறும்பு நிலைப்படியில் ஏறி நின்றது. "வீட்டுக்காரம்மா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றது.

சிப்போரா அதன் வாயைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். எறும்பின் காலில் என்னென்ன ஒட்டியிருக்குமோ? "எதுன்னாலும் பெசகா கழிஞ்சு வா" என்று துடைப்பத்தால் ஒரே தள்ளாகத் தள்ளி, பின்னோடு ஒரு செம்பு வெந்நீரையும் ஊற்றினாள். எறும்பு தப்பியது. அதன்பிறகு அந்த வீட்டில் எறும்பு கண்ணில் படவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாளுக்கு முந்தின சாயங்காலம் வந்தது. வீட்டுக்காரன் விளக்கேற்றி, கோழி இறகும் மரக்கரண்டியும் எடுத்துக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் புளிப்பைத் தேட வேண்டிய நேரம் அது. கிடைத்ததை இறகால் கரண்டிக்குள் கூட்டி எடுத்து, மறுநாள் எரிப்பார்கள். தேடத் தொடங்கும் முன் கடவுளின் பெயரால் ஒரு துதி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தேடி முடிக்கும்வரை வேறு பேச்சு பேசக் கூடாது என்பது தெரு வழக்கம்.

எப்பிராயீம் வாசலில் நின்று துதியைச் சொன்னான். உள்ளே போனான். அடுப்பங்கரையைப் பார்த்தான், அலமாரிக்குப் பின்னால் பார்த்தான், மச்சில் ஏறிப் பார்த்தான். ஒன்றுமில்லை. இன்னொரு சுற்று வந்தான். அப்போதும் ஒன்றுமில்லை. சிப்போராவின் முன்னால் வந்து நின்று இறகைத் தூக்கிக் காட்டினான், காலிக் கரண்டியைக் காட்டினான், கண்ணை உருட்டினான். வாய் திறக்க முடியாதவனுக்கு எவ்வளவு கோபப்பட முடியுமோ அவ்வளவு கோபப்பட்டான்.

அப்போதுதான் சிப்போராவுக்கு உறைத்தது. தேடுவதற்கென்று கடவுளின் பெயரைச் சொல்லியாயிற்று. கிடைக்க ஒன்றுமே இல்லையென்றால் அந்தப் பெயரை வீணாகச் சொன்னதாக அல்லவா ஆகும்? அது பத்துக் கட்டளைகளில் ஒன்று. அழுக்கு வைத்துத் தவறிய பெண்கள் உண்டு. சுத்தம் செய்து தவறியவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான். ரிபேக்கா வீட்டில் ரொட்டி இருக்கும். ஆனால் சொன்ன துதி இந்த வீட்டுப் புளிப்புக்கு. அடுத்தவர் வீட்டிலிருந்து வாங்கிவந்து வைத்தால் கடவுளை ஏமாற்றுகிற காரியம். விளக்கில் எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலில் ரூபேன் தூங்கிக்கொண்டிருந்தான். 

கொல்லைக்கு ஓடிக் கோழியைக் கேட்டாள். "நம்ம வீட்டுக்குள்ள எங்கயாவது ரொட்டித் துணுக்கு பாத்தியா?"

"எங்க பாக்க? காலையிலேருந்து கொத்துதேன், மண்ணுதான் கெடைக்கு" என்றது கோழி. "போதாக்குறைக்கு உன் வீட்டுக்காரன் என் வாலிலேருந்து இறகை வேற பிடுங்கிட்டுப் போயிட்டான்."

சிப்போரா கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். கால் பக்கத்தில் ஒரு சின்னக் குரல் கேட்டது. "பெசகா கழிஞ்சு வரச் சொன்ன. அதுக்கு முன்னாலயே வந்துட்டேன்." அதே கட்டெறும்பு.

சிப்போரா குனிந்து, முதல்முறையாக எறும்பின் முகத்தைப் பார்த்தாள். "வெந்நீ ஊத்துனது தப்புதான்" என்றாள். "நீ அன்னைக்கு என்ன சொல்ல வந்த?"

"உன் வீட்டுக்குள்ள ரொட்டி இருக்குன்னு சொல்ல வந்தேன். எங்க வளைக்கு இழுத்துட்டுப் போனோம். அதுக்குள்ள நீ சுண்ணாம்பு பூசி வாசலச் சின்னதாக்கிட்ட. உள்ளயும் போகல, வெளியவும் வரல, வாசல்லயே சிக்கிக் கெடக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு கழுவியும் வீட்டுக்குள் ரொட்டியா? "எங்க? எந்த இடத்துல?"

"அழுற கூரைக்கு அடியில."

"அழுற கூரையா? எங்க வீட்டுக் கூரை ஒழுகும், அழாதே?"

"உங்க சாமானுக்கு நீங்க வச்ச பேரு எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க அதுக்கு அப்படித்தான் சொல்லுவோம்."

எவ்வளவு கேட்டும் எறும்புக்கு வேறு சொல் வரவில்லை. அவளுக்கும் பிடிபடவில்லை. விளக்கு எந்த நேரமும் அணையலாம். "அப்ப காட்டித் தா" என்று கெஞ்சினாள். "ஒத்தையா நீ போனா இந்த இருட்டுல எனக்குக் கண்ணு தெரியாது."

எறும்பு யோசித்தது. "காட்டுனா எங்க சாப்பாடு போயிடும். அதுக்குப் பதில் நீ வேற தரணும். வெந்நீயும் ஊத்தக் கூடாது."

"பிள்ளை மேல ஆணையா ஊத்த மாட்டேன்."

எறும்பு சுவர்ப் பக்கம் போய் என்னவோ சொன்னது. தன் போக்கில் அலைந்துகொண்டிருந்த எறும்புகளெல்லாம் வந்தன. ஒன்றின் பின்னால் ஒன்றாக, முகத்தில் முகம் தொட்டுச் செய்தி கேட்டு, நிலைப்படியிலிருந்து வீட்டுக்குள் கறுப்பாக ஒரு கோடு போட்டன. எப்பிராயீம் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு அந்தக் கோட்டின் பின்னாலேயே போனான். கோடு அடுப்பங்கரையைக் கடந்தது, கட்டிலைக் கடந்தது, நேராகத் தொட்டிலுக்கு அடியில் போய் முடிந்தது.

சிப்போரா குனிந்து பார்த்தாள். எந்தப் பிள்ளைக்காக வீட்டையே புரட்டிப் போட்டாளோ, அந்தப் பிள்ளையின் முதுகுக்கு நேர் கீழே. பால் கொடுத்தபடி அவளே பிய்த்துத் தின்ற ரொட்டிதான் அது.

எப்பிராயீம் தொட்டிலைத் தள்ளினான். ரூபேன் விழித்து வீறிட்டான். எறும்பு சொன்ன அழுற கூரை அதுதான். தொட்டில் காலுக்குப் பின்னால், சுண்ணாம்பு பூசிய விரிசலில், நகக்கண் அளவு காய்ந்த ரொட்டி சிக்கியிருந்தது. உள்ளிருந்து எறும்புகள் தள்ள, வெளியிலிருந்து அவன் இறகால் நெம்ப, அது கரண்டிக்குள் விழுந்தது. உடனே விளக்கும் அணைந்தது.

இருட்டில் எப்பிராயீம் அதுவரை அடக்கி வைத்திருந்த முதல் வார்த்தையைச் சொன்னான். "தொட்டில நகத்தலியா நீ?"

"நகத்தல" என்றாள் சிப்போரா. அழுகிற பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் அழுவது அவளுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

மறுநாள் அந்தத் துணுக்கை எரித்துவிட்டு, பொறுக்கி வைத்த அரிசியில் ஒரு பிடி எடுத்துக் கிணற்றடியில் தூவினாள். ரூபேன் வளர்ந்து, தோணி கட்டி, பிள்ளை குட்டி பெற்று, தாடி நரைத்தபிறகுதான் போனான்.

அன்று முதல்தான் எறும்புகள் ஒன்றையொன்று முகம் தொட்டு வரிசையாகப் போகின்றன. அன்று முதல்தான் அந்தத் தெருவில், துதி வீணாகாமல் இருக்கத் தேடும் முன்பே வீட்டுக்காரி ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைக்கிறாள், அதில் ஒன்றைத் தொட்டிலுக்கு அடியில். பெசகா நேரத்தில் எறும்பு வரிசையைக் கண்டால் அந்தப் பெண்கள் துடைப்பத்தை எடுப்பதில்லை, விளக்கை எடுக்கிறார்கள்.