ஒரே மூச்சில் ஏழு பேர்

எட்டே மாதம் ஆடிய கரிசல்பட்டி கபடி அணியை, ஊரே கூடியிருக்க, ஆடுகளத்தின் நடுவில் நின்று மைக்கில் கலைத்தார் முதலாளி தனராஜபூபதி.

"பெத்த பிள்ளை மாதிரி வளத்தேன். தோத்து என் மானத்த வாங்கிட்டானுவ! ஏலே சூசை, கோட்டை அழிலே!"

சுண்ணாம்புக் கோடு போடும் சூசைக்கு ரத்தம் கொதித்தது. வாளியை நங்கென்று வைத்தான்.

"அழிக்கேன் மொதலாளி. கபடின்னா ஒரே மூச்சுல்லா? நீங்க வளத்த ஏழு பிள்ளையோட பேரையும் ஒரே மூச்சுல சொல்லிருங்க, அழிச்சிருதேன்."

முதலாளி நெஞ்சு புடைக்க மூச்சை இழுத்தார். முழங்கால் பிய்ந்துபோக ஆடிய ஏழு பேரும் எதிரேதான் நின்றார்கள். ஒரு பெயரும் வரவில்லை. புஸ்ஸென்று மூச்சுதான் வந்தது.

"மூச்சு விட்டுட்டீரு, அவுட்டு," என்றான் சூசை. "கோட்டுக்கு வெளிய போம்வே!"