முப்பத்தொரு ஓட்டை

கோயம்புத்தூருக்கு வடக்கே, துடியலூர் தாண்டி ஒரு சந்துக்குள், தண்ணீர் பம்புக்கு இரும்புக் கூடு வார்க்கிற பவுண்டரி ஒன்று இருந்தது. அங்கே சோதனை மேசையில் நஞ்சப்பன் என்று ஒருவர் வேலை பார்த்தார்.

வார்த்து ஆறிய கூடுகள் காலை எட்டு மணிக்கு அவர் மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் திருப்புவார், சுத்தியலால் தட்டுவார், கழுத்துப் பக்கம் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஓட்டை இருந்தால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்த கூடு தள்ளுவண்டியில் ஏறி நேராக உலைக்குப் போய்விடும். கடைசியில் அன்றைய எண்ணிக்கையைப் பலகையில் எழுதுவார். எண்ணிக்கை அதிகமாக இருக்கிற நாளில் எழுத்தும் கொஞ்சம் பெரிதாக விழும்.

அதற்குக் காரணம் உண்டு. கூட்டுக்கு மண்ணில் அச்சு கட்டுகிறவன் தங்கமுத்து.

நஞ்சப்பன் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் தனக்கு ஒருவன் செய்ததை மட்டும் தேதியோடு சொல்லுவார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அச்சுக்களத்தில் அவர்தான் மேஸ்திரி. தங்கமுத்து அவருக்குக் கீழே இருந்தவன். ஒரு புதன்கிழமை அவன் முதலாளியிடம் போய், "நஞ்சப்பண்ணனுக்குக் கை நடுங்குதுங்க" என்றான். வியாழக்கிழமை காலையில் நஞ்சப்பனைச் சோதனை மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

கை நடுங்கியது உண்மைதான். ஆனால் அதைப் போய்ச் சொன்னவன் தங்கமுத்து.

அன்றைக்கு விட்டது பேச்சு. மேசைக்கும் அச்சுக்களத்துக்கும் நடுவே நடந்தால் பதினாலு எட்டுதான். அந்தப் பதினாலு எட்டை அவர் பிறகு வைக்கவே இல்லை. பின்பக்கம் கைகழுவப் போவதென்றால்கூட உலையைச் சுற்றிக்கொண்டு, அந்தச் சூட்டில் வேர்த்து விறுவிறுத்துத்தான் போவார்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை தமயந்தி டீச்சர் வந்தார்.

சொன்ன தேதிக்குச் சரக்கு வரவில்லை, இப்படியே போனால் அடுத்த ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும் என்று பம்பு கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. வேலையைச் சீர்ப்படுத்துவது எப்படி, கணக்கு எழுதுவது எப்படி என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க முதலாளி அந்த அம்மாவைப் பேசி அழைத்து வந்தார். நாற்பது வயது இருக்கும். நூல் மில்லில் குமாஸ்தாவாக இருந்தவர் என்று சொன்னார்கள். சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு கேன்டீனில் பாடம்.

"பொம்பள வந்து நமக்கு இரும்பு சொல்லித் தர்றதா?" என்றார் நஞ்சப்பன், பக்கத்தில் இருந்தவரிடம், டீச்சர் காதில் விழுகிற மாதிரி.

டீச்சர் காதில் விழுந்தது. "இரும்பு எனக்குத் தெரியாதுங்க அண்ணா. நீங்கதான் சொல்லித் தரணும்" என்றார். "நேத்து எத்தனை ரிஜெக்ட்டுங்க?"

"முப்பத்தொண்ணு." நஞ்சப்பன் குரலில் பெருமை இருந்தது.

"அதனால எவ்வளவு நஷ்டம்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"நஷ்டமே இல்லீங்க" என்றார் நஞ்சப்பன். "இரும்பு எங்க போயிரும்? மறுக்கா உருக்கி ஊத்திக்குவோம். எடை போட்டுப் பாருங்க, ஒரு கிலோ குறையாது."

டீச்சர் கேன்டீன்காரர் சூசையைக் கூப்பிட்டு எல்லோருக்கும் டீ போடச் சொன்னார்.

சூசை பன்னிரண்டு கிளாஸில் ஆவி பறக்கக் கொண்டுவந்தார். ஆட்கள் கை நீட்டுவதற்குள் டீச்சர் ஒவ்வொரு கிளாஸாக எடுத்து, அத்தனை டீயையும் பாத்திரத்தில் திரும்ப ஊற்றினார்.

"சரியா வரலீங்க. மறுபடி காய்ச்சுங்க."

சூசை முழித்தார். முதலாளி வரவழைத்த அம்மா என்பதால் வாயை மூடிக்கொண்டு காய்ச்சினார். இரண்டாம் தடவையும் டீச்சர் அதையே செய்தார்.

"ஏனுங்கம்மா, வெளையாடறீங்களா?" சூசைக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்குங்க கோவம்? டீ அப்படியேதானே இருக்குது? ஒரு சொட்டு குறையலையே."

"டீ இருக்குதுங்க! கேஸு யாரு குடுப்பா? சிலிண்டர் என்ன, ஆத்துல வர்றதா? நான் நின்ன நேரம் என்ன ஆச்சு? எண்ணெய்ச் சட்டிய எறக்கி வெச்சுட்டு வந்தேன், இந்நேரம் நாப்பது போண்டா போட்டிருப்பேன். ரெண்டு தடவ காஞ்ச டீய நாளைக்கு எவன் குடிப்பான்? கிளாஸு மறுக்கா கழுவோணும், அதுக்குத் தண்ணி..."

அவர் கத்தக் கத்த டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டே வந்தார். கேஸ். ஆள் நேரம். விட்டுப்போன போண்டா. தண்ணீர். சூசை மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது பலகையில் ஏழு வரி இருந்தது.

வேலைக்குத் திரும்பச் சங்கு ஊதியது. டீ குடிக்காமலே எல்லோரும் எழுந்தார்கள்.

"இதையும் எழுதிக்கலாமுங்களா?" என்று கேட்டு, எட்டாவதாக ஒரு வரி எழுதினார் டீச்சர். காத்திருந்தவர்கள், பன்னிரண்டு பேர்.

நஞ்சப்பன் மட்டும் எழுந்திருக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதியும் அவர் உட்கார்ந்திருந்தது அந்தப் பவுண்டரியில் அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவர் தவறவில்லை. வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம் என்று கற்றுக்கொண்டார். சராசரி என்றால் என்னவென்று கற்றுக்கொண்டார். ஒரு கோளாறு வந்தால் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டார். அதில் மட்டும் டீச்சர் அவரைத் தொல்லைப்படுத்துவார். "ஏனுங்க அண்ணா?" என்பார். பதில் சொன்னால் "அது ஏனுங்க?" என்பார். எரிச்சல்தான் வரும். ஆனால் நாலாவது தடவைக்கு மேல், தனக்கே தெரியாத ஒன்று தன் வாயிலிருந்து வெளியே வந்து விழும். வீட்டில் போய் மனைவியிடம், "அந்தம்மா நம்ம தலையக் கையால தொடாம தொறந்து பாக்குது" என்று சொன்னார். அவர் யாரையும் மெச்சிப் பேசி மனைவி கேட்டதில்லை.

ஒரு மாதம் ஆயிற்று. ஒருநாள் முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"ரிஜெக்ட்டால எவ்வளவு போச்சுன்னு ஒண்ணாந்தேதி எனக்குக் கணக்கு வேணும். யார் பேர்ல அதிகமா நிக்குதோ அவன் வீட்டுக்குப் போலாம். நஞ்சப்பா, நீதான் நோட்டும் கையுமா திரியறயே. நீயே எழுதிக் குடு."

நஞ்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பதினோரு வருஷம் காத்திருந்தது வீண் போகவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். ஒரு கூட்டுக்கு மண், கரண்டு, அச்சுக் கூலி, வண்டி தள்ளுகிறவர் கூலி, தன் கூலி, எல்லாம் சேர்த்து நூற்று நாற்பது ரூபாய். நாளைக்குச் சராசரி முப்பத்தொன்று. கடந்த இருபத்தாறு வேலை நாள். மொத்தம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது. மேலே கொட்டை எழுத்தில் ஒரே ஒரு பெயர்: தங்கமுத்து.

சனிக்கிழமை பாடம் முடிந்ததும் டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கூட்டலைச் சரிபார்த்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க அண்ணா. மில்லுல இருந்த ஆடிட்டர்கூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாரு."

நஞ்சப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சுங்க."

"என்னங்க விட்டுப்போச்சு? சாக்பீஸு வரைக்கும் எழுதியிருக்கேனே."

"சாக்பீஸ் இருக்குதுங்க. தேதி இல்லை."

"இருபத்தாறு நாளும் தேதி போட்டிருக்கேன், பாருங்க."

"அது நீங்க ஓட்டையைப் பார்த்த தேதி. தங்கமுத்துவுக்குத் தெரிஞ்ச தேதி எங்கீங்க?"

டீச்சர் ஸ்கேலை எடுத்து நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டார்.

"ஓட்டை ஏன் வருதுங்க அண்ணா?"

"மண்ணுல ஈரம் ஜாஸ்தி. உள்ள வழுவழுன்னு பளபளப்பா இருந்தா அது ஈரத்துல வந்த ஓட்டை. கண்ணைக் கட்டிவிட்டாலும் வெரல விட்டுச் சொல்லிப்போடுவேன்."

"தங்கமுத்து அதைப் பார்த்தாரா?"

"அவன் எங்க பாக்கறான்? என் மேசையில இருந்து நேரா உலைக்குப் போயிருதில்ல. உலைச் சூடு பத்தலைன்னு உலைக்காரன்கூடச் சண்டை போட்டுட்டுத் திரியறான், மடையன்."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க, ஈரம்னு?"

"மொத நாளே தெரியுமே! எட்டு மணிக்கு மொதக் கூட்டைத் திருப்பினதுமே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. பேனாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அப்ப மொத நாள் முப்பத்தொண்ணு தங்கமுத்து பேர்ல சரிங்க. மீதி இருபத்தஞ்சு நாளை யார் பேர்ல எழுதறது?"

திட்டியிருந்தால் நஞ்சப்பன் தாங்கிக்கொண்டிருப்பார். பதிலுக்குத் திட்டியும் இருப்பார். அந்த அம்மா நிஜமாகவே விவரம் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். நஞ்சப்பன் நோட்டை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. முதல் கூட்டைத் திருப்பினார். ஓட்டை. சாக்பீஸை எடுத்தார், வைத்தார். கூட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வெளியே வந்தார்.

அவர் ஏழாவது எட்டு வைக்கும்போது உலைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பதினாலாவது எட்டில் பவுண்டரியே பார்த்துக்கொண்டிருந்தது.

தங்கமுத்து முன்னால் கூட்டை மடாரென்று போட்டார் நஞ்சப்பன்.

"மண்ணு ஈரம்" என்றார். அதைக்கூடக் கூட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

தங்கமுத்து ஓட்டைக்குள் விரலை விட்டான். பிறகு குவியலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கி, கையைத் திறந்தான். மண் உருண்டை உடையவே இல்லை. உள்ளங்கையில் ஈரம் மின்னியது.

"தண்ணிக் குழாய் மாத்துன நாள்ல இருந்தே எனக்கு ஒரு சந்தேகமுங்கண்ணா..." என்று ஆரம்பித்தான். அதற்குள் நஞ்சப்பன் திரும்பிப் பாதி தூரம் வந்துவிட்டார்.

மறுநாள் ரிஜெக்ட் ஒன்பது. அதற்கு மறுநாள் நாலு. வாரக் கடைசியில் இரண்டு.

ஒண்ணாந்தேதி நஞ்சப்பன் முதலாளி அறைக்குப் போனார். காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். தங்கமுத்து, ஒரு நாள், நாலாயிரத்து முந்நூற்று நாற்பது. நஞ்சப்பன், இருபத்தைந்து நாள், ஒரு லட்சத்து எட்டாயிரத்து ஐந்நூறு.

முதலாளி இரண்டு தடவை படித்தார்.

"என்ன நஞ்சப்பா, உம்பேரைப் போட்டிருக்கே? யார் பேர்ல அதிகமோ அவன் வீட்டுக்குன்னு நான் சொன்னது ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்பறம் எதுக்கு எழுதினே?"

"கணக்குங்க" என்றார் நஞ்சப்பன்.

முதலாளி ஜன்னல் கண்ணாடி வழியே சோதனை மேசைப் பலகையைப் பார்த்தார். இரண்டு என்று எழுதியிருந்தது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உன்ன அனுப்பிட்டா, நாளைக்கு அந்த ரெண்டை யாரு தோள்ல தூக்கிட்டுப் போவா? போ, போய் வேலையப் பாரு."

டீச்சரின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சூசை கண்டிப்பாகக் குடித்தே ஆக வேண்டும் என்று ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து வைத்து, டீச்சர் குடித்து முடிக்கிற வரைக்கும் பாத்திரத்தைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நஞ்சப்பன் மட்டும் தங்கினார். நோட்டு கக்கத்தில் இருந்தது.

"டீச்சர், உங்களுக்குத் தெரியாம இருக்க வேண்டாம்னுதான் சொல்றனுங்க. தெனமும் கூட்டைக் கொண்டுபோய் வெக்கறேன். என்ன கோளாறுன்னு சொல்றேன். வந்தர்றேன். அவன் மொகத்த நான் பாக்கறதில்ல. அன்னைக்கு அவன் பண்ணுனது இன்னைக்கும் எனக்கு எரியுதுங்க. அது போகல. போகும்னும் தோணல."

நஞ்சப்பன் நோட்டைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார்.

"இத்தனை நாள் சொல்லிக் குடுத்தீங்க. நான் பாடத்தச் சரியாப் படிக்கலீங்களா?"

டீச்சர் கை நீட்டி நோட்டை வாங்கினார். அவர் கோடு போட்டுக் கொடுத்த பக்கத்தைத் திறந்தார். தேதி, எண்ணிக்கை, எங்கே ஓட்டை, ஏன் ஓட்டை, சொன்ன நேரம் என்று ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டம் வரைக்கும் நிரம்பியிருந்தது. நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"கோவத்துக்கு நான் கட்டமே போட்டுக் குடுக்கலையே, அண்ணா."