பொந்தாயி கடித்த வேர்

அந்தக் காலத்தில், பாறைக்கும் வாய் இருந்தபோது, பூமிக்கு அடியில் இரண்டு பாறைகள் பங்காளிகளாக இருந்தன. பங்காளிகள் என்றால் சொல்லவா வேண்டும்? எல்லை என்னுடையது என்று இரண்டும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டே நின்றன. நூறு வருஷமாக ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கோபம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. இரண்டுக்கும் நடுவில் இருந்த விரிசலுக்குத்தான் பிளவு என்று பேர்.

அந்தப் பிளவு வழியாகக் கிழங்கு தேடிப் போவாள் பொந்தாயி என்ற பெருச்சாளி. வெளியே கிளம்பினால் வளையின் வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போவது அவள் குலத்து வழக்கம். அன்றைக்குக் காலையில் வாசலில் பாம்புத் தடம் பார்த்துவிட்டாள். அதனால் நாலு குட்டிகளையும் உள்ளே விட்டு, இரண்டு மடங்கு மண்ணை வைத்து மிதித்து இறுக்கிவிட்டு வந்தாள். இனிப் பாம்பு நுழைய முடியாது. குட்டிகளும் வெளியே வர முடியாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு காதம் தள்ளி, ஆழத்தில் அவள் கிழங்கைக் கடித்தபோது பாறை முனகியது. பொந்தாயி கடிப்பதை நிறுத்தினாள். என்ன என்று கேட்டாள்.

“இனித் தாங்காது தாயி. இந்த எடத்துலதான் வழுக்கப் போறோம்,” என்றது மூத்த பாறை. அப்படிப் பாறை வழுக்கத் தொடங்கும் இடம்தான் குவியம்.

“எம் பிள்ளைங்க அடைஞ்சு கெடக்குதுங்க. நான் போய்ச் சேர்ற வரைக்கும் பொறுத்துக்குங்கய்யா.”

“பொறுக்கறது எங்க கையில இல்ல.”

பாறை வழுக்கினால் அங்கிருந்து இரண்டு அலைகள் கிளம்பும். முதல் அலை மெலிந்தது, ஆனால் வேகக்காரன். முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு ஓடும். இரண்டாம் அலை ஓட்டத்தில் மந்தம், ஆனால் பக்கவாட்டில் ஆட்டி வீட்டையே சாய்த்துவிடும். அந்தக் காலத்தில் இரண்டும் குவியத்திலேயே ஒரே வேரில் பிணைந்து கிடந்தன. எங்கே போனாலும் சேர்ந்தே போய் இறங்கின. யாருக்கும் ஓட நேரம் கிடைத்ததில்லை.

உடனே மேலே ஏறினால் தன் உயிர் தப்பும், பிள்ளைகளிடம் போய்ச் சேர முடியாது. பொந்தாயி ஏறவில்லை. முதல் அலையாவது முன்னே ஓடிப் போய் வாசலைத் திறக்கட்டும் என்று அந்த வேரில் பல்லை வைத்தாள். பாறை முறிந்த சத்தமும் வேர் அறுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

முதல் அலை தனியாகப் பாய்ந்தது. வளையின் வாயில் ஒரே தள்ளு. மிதித்து வைத்த மண் உதிர்ந்தது. நாலு குட்டிகளும் வெட்டவெளிக்கு ஓடின. நாலு மூச்சு கழித்து இரண்டாம் அலை வந்து வளையை நசுக்கியது.

பொந்தாயி மேலே வரவில்லை. ஆட்டம் அடங்கியபின் பாறைகளுக்கு அவள் நினைப்பு வந்தது. பகையை விட்டுவிட்டு, இடுக்கில் எங்காவது கிடக்கிறாளா என்று மெல்ல அசைந்து பார்த்தன.

அன்று முதல்தான் நிலநடுக்கத்தில் சின்னத் தள்ளு முன்னே வருகிறது. பெருச்சாளிகள் அதற்கே வளையை விட்டு ஓடுகின்றன. அன்று முதல்தான் பெரிய ஆட்டம் முடிந்த பிறகும் பூமி நாள்கணக்கில் சின்னச் சின்னதாக அசைகிறது. அதைப் பின்னதிர்வு என்கிறோம். பாறைகள் இன்னும் அவளைத் தேடுகின்றன.