பெட்டிக்குள் வந்த மனு

சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை, சொர்ணத்தாய் ஒரு பை நிறைய மனுக்களோடு வேதமாணிக்கம் வீட்டுக்கு வந்தாள். சுயேச்சையாக நின்று டெபாசிட்டைப் பறிகொடுத்திருந்தாள். பொதுவேலையில் அவளுக்கு அவர்தான் குரு. குருவும் தேர்தலில் ஜெயித்தவரில்லை. மூன்று முறை நின்று மூன்று முறையும் மண்ணைக் கவ்வியவர்.

அவர் விறகடுப்பில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இதையும் அடுப்புக்குள்ள தள்ளுங்க. ஓட்டுக் கேட்டுப் போனப்ப ஜனங்க குடுத்த மனு. மேலக்கரையில மட்டும் நாப்பது பேரு குடுத்தாங்க. அங்க எனக்கு விழுந்த ஓட்டு ஏழு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. அவங்க வேற ஆளைத் தேர்ந்தெடுத்தாச்சு. இனி இது எனக்கு எதுக்கு?"

அவள் கண் கலங்கியிருந்தது. அவர் பையை வாங்கி, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.

"சுதந்திரம் வந்தப்புறம் நடந்த மொதத் தேர்தல்ல நானும் நின்னேன். அப்ப நிக்கிற ஆளுக்கொரு பெட்டி. அவங்கவங்க சின்னம் ஒட்டியிருக்கும். பிடிச்ச பெட்டியில சீட்டைப் போட வேண்டியதுதான். அது ஒரு காலம்மா! பொம்பளைங்க பெட்டியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுவாங்க."

சொல்லும்போதே அவர் குரல் குழைந்தது. அந்த நாளை அவர் இன்னும் விட்டுவிடவில்லை.

"எண்ணும்போது என் பெட்டிக்குள்ள ஒரு வெத்தலைச் சுருள். பிரிச்சா காயிதம். 'ஆத்துக்குப் பாலம் வேணும், மழைக்குப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போக முடியல'ன்னு எழுதியிருக்கு. பேரு இல்ல. 'இது ஓட்டில்ல வே, உமக்கு வந்த கடுதாசி, நீரே வச்சுக்கிடும்'னு அதிகாரி நீட்டினாரு."

"ஜெயிச்சீங்களா?"

"எங்க! ஜெயிச்சவரு வீட்டுக்கு அந்தக் காயிதத்தோட நடந்தேன். அடுத்து ஜெயிச்சவரு வீட்டுக்கும் நடந்தேன். ஒம்பது வருசத்துல பாலம் வந்துச்சு."

"எழுதினது யாருன்னு தெரிஞ்சுதா?"

"பாலம் திறந்த அன்னைக்கு ஒருத்தி வந்து சுருக்குப்பையை அவுத்தா. உள்ள அந்த மொதத் தேர்தல் ஓட்டுச்சீட்டு. மனு குடுத்ததுக்கு சர்க்கார் குடுத்த ரசீதுன்னு நெனச்சு, பெட்டியில போடாம வச்சிருந்திருக்கா."

சொர்ணத்தாய் நிமிர்ந்தாள். "அப்ப அவ உங்களுக்கு ஓட்டே போடலையா?"

"போடலதான். ஆனா, மனுவை என் பெட்டியிலல்லா போட்டிருக்கா."