கம்பத்தின் உச்சியில் மந்திரி

கொம்பூர் ராஜாவுக்கு ஒரு விபரீத ஆசை. திருவிழாவில் கொடிக்கம்பம் எதிலும் கட்டாமல் வண்டிமேல் நின்றபடியே வரவேண்டும். விழுந்தால், வண்டி தள்ளும் மருதாயிக்கு மொட்டை.

கம்பம் சாயும் பக்கமே வண்டியைத் தள்ளினால் அது நிமிர்ந்துவிடும் என்று மருதாயி கண்டுபிடித்தாள். ஆனால் குனிந்து தள்ளுகிறவளுக்குக் கம்பம் தெரியாதே! பார்த்துச் சொல்ல மந்திரி ஒரு புலவரை நியமித்தார்.

ராஜா முன்னிலையில் நடந்த ஒத்திகையில் கம்பம் முன்னே சாய்ந்தது. "மூவுலகும் போற்றும் முத்துக்குடை வேந்தே..." என்று புலவர் ஆரம்பித்தார். பட்டங்கள் முடிவதற்குள் கம்பம் அவர்மேலேயே விழுந்தது.

"பட்டம் சொல்லாமல் ராஜா முன்னால் வாய் திறக்கக் கூடாது" என்றார் மந்திரி.

"அப்படியானால் மந்திரி ஐயாவே பார்த்துச் சொல்லட்டும், மகாராஜா. உச்சியில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்" என்றாள் மருதாயி. ராஜா தலையாட்டிவிட்டார்.

திருவிழாவன்று வண்டி நகர்ந்தது. "ஐயோ, முன்னே! முன்னே! அடியே, பின்னே!" என்று மந்திரி அலற அலற, மருதாயி தள்ளினாள், இழுத்தாள். கோயில்வரை கம்பம் விழவேயில்லை.

ராஜா அண்ணாந்து பார்த்தார். "என்ன மந்திரி, என் பட்டம் ஒன்றுகூடச் சொல்லவில்லையே?"

"முதல்ல என்னை இறக்குடா!" என்று மேலிருந்து பதில் வந்தது.

ராஜாதான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகே ஊர் தைரியமாகச் சிரித்தது.