வடக்கே நைன், தெற்கே மம்கூ

நாயும் ஆடும் நம்மோடு நின்று பேசிய அந்தக் காலத்தில், வேல்ஸ் தேசத்தில் பாட்டிக்கு ஒரே சொல், தாத்தாவுக்கு ஒரே சொல். வடக்கிலும் அதுதான், தெற்கிலும் அதுதான். என்ன சொல் என்று என்னைக் கேட்காதீர்கள். அது தொலைந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

நடுமலையில் ஹெலெத் என்ற கிழவியும் அவள் புருஷன் எய்னியோனும் இருந்தார்கள். மூத்த மகன் டிட்னோ வடக்கே, இளையவன் காடோக் தெற்கே. வருஷத்தில் ஒருநாள் இருவரும் பெண்டு பிள்ளைகளோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்கு வருவார்கள். குட்டிகளின் காதில் அடையாள வெட்டுப் போடுவது கிழவரின் வேலை. மூத்தவன் குட்டிக்கு இடது காது, இளையவன் குட்டிக்கு வலது காது. பேரப்பிள்ளைகள் எல்லாம் அந்தச் சொல்லை ஒரே குரலாகக் கூவிக்கொண்டு ஓடிவருவதைக் கேட்கத்தான் ஹெலெத் வருஷம் பூராவும் காத்துக்கிடப்பாள்.

ஒரு வருஷம் கிழவருக்குப் பார்வை மங்கிவிட்டது. அது ஹெலெத்துக்கும் வீட்டு நாய்க்கும் மட்டும்தான் தெரியும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, தடவிப் பார்த்தே வெட்டினார் மனுஷன். காடோக்கின் இருபது குட்டிகளுக்கும் இடது காதில், அண்ணன் அடையாளமாக வெட்டு விழுந்துவிட்டது.

"அப்பாவிடம் என்னடா ஓதினாய்?" என்று தம்பி எகிறினான்.

"எனக்கா திருட்டுப் பட்டம்?" என்று அண்ணன் கோலை ஓங்கினான்.

நாய் கிழவியின் பாவாடையைப் பிடித்து இழுத்தது. "ஆத்தா, பெரியவருக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லேன்!"

"சும்மா கிட. இத்தனை பேர் முன்னால் அவர் மானம் போகவா?"

வாயே திறக்கவில்லை பாவி மகள். சண்டை முற்றியது. 'பாட்டி தாத்தாவை அவன் பிள்ளைகள் கூப்பிடும் சொல் இனி என் வீட்டில் கேட்கக் கூடாது' என்று இருவருமே சத்தியம் செய்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

டிட்னோ வீட்டில் கைக்குழந்தை 'நைன்' என்று ஏதோ உளறியது. அதுவே பாட்டிக்குப் பெயராயிற்று, தாத்தா 'தைத்' ஆனார். காடோக் வீட்டில், அவர்கள் பாஷையில் அன்பான அம்மா என்று பாட்டி 'மம்கூ', அன்பான அப்பா என்று தாத்தா 'தட்கூ'.

ஏழு வருஷம் கழித்துக் கிழவர் கண்ணை மூடினார். அப்புறம்தான் ஹெலெத் உண்மையைச் சொல்லிவரச் சொல்லி நாயை இரு பக்கமும் அனுப்பினாள். மகன்கள் அலறியடித்து வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். பிள்ளைகள் மட்டும் முற்றத்தில் இரண்டு கும்பலாக நின்றன.

"எங்கள் நைன் வீட்டில் உங்களுக்கு என்ன வேலை?"

"நைனாவது! இவள் எங்கள் மம்கூ!"

ஹெலெத் அந்தப் பழைய சொல்லை அவர்களுக்குச் சொல்லிப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் அதை மறந்தே போன பிள்ளைகள், வேறு யாரையோ சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தன.

"அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்துதான் வேல்ஸில் வடக்கே நைன், தைத். தெற்கே மம்கூ, தட்கூ. அவள் கேட்க ஏங்கியபடியே செத்துப்போன அந்தச் சொல், இன்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.